டர்பனில் ‘நவ்’ என்றால் எப்போது? ‘ஷேம்’ என்றால் யாருக்கு?

தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வருகிற நம்மவர்கள் விசா, வாடகை, பள்ளிக்கூடம், பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை. அதுதான் தெரியுமே என்கிற தைரியம். டர்பனில் இறங்கின முதல் வாரத்திலேயே அந்தத் தைரியம் ஆட்டம் கண்டுவிடும். ‘லெக்கர்’, ‘பக்கி’ மாதிரி கேள்விப்படாத சொல் காதில் விழுந்தால் என்னவென்று கேட்டுவிடுவோம். அதில் தொல்லை இல்லை. எல்.கே.ஜி.யிலேயே படித்து முடித்த சொற்கள்தான் காலை வாரும். தெரிந்த சொல் ஆயிற்றே, கேட்கவே தோன்றாது.

அப்படிப்பட்ட இரண்டு சொற்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: நவ், ஷேம். இரண்டுமே இந்த ஊரில் காலையிலிருந்து இரவு வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும். இரண்டுமே நாம் ஊரில் பழகிய பொருளுக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கம் நிற்பவை. அவசரம் என்று நாம் நினைக்கிற சொல்லை இவர்கள் சாவகாசமாகச் சொல்வார்கள். திட்டு என்று நாம் நினைக்கிற சொல்லைப் பரிவாகச் சொல்வார்கள். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

“அங்கேதான் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே, தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே” என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறார்கள், வாஸ்தவம். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை இப்படி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். நாட்டின் அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரும் இருக்கிறது. கோயிலும் காவடியும் இருக்கின்றன. ஆனால் தலைமுறைகள் கடந்துவிட்டன. வீட்டுப் பேச்சு இன்று ஆங்கிலம். பெயரில் கோவிந்தரும் நாயக்கரும் இருப்பார்கள். பேசுவது டர்பன் ஆங்கிலமாகத்தான் இருக்கும். நம்மைப் பார்த்தால் “வணக்கம்” என்று அன்பாகச் சொல்வார்கள், அடுத்த வாக்கியம் ஆங்கிலத்தில் வரும். அதனால் அவர்களுடைய ஆங்கிலத்தை நாம் பழகிக்கொள்வதுதான் வழி.

முதல் படி: ஊரில் இந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்

தமிழ்நாட்டில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘இப்பத்தான்’. “சாப்பிட்டீங்களா?” என்றால் “ஜஸ்ட் நவ் சார்” என்போம், ஏப்பம்கூட அடங்கியிருக்காது. ‘நவ்’ என்றால் ‘இப்போ’. அதிகாரி “ஐ வான்ட் இட் நவ்” என்றால் எழுந்து ஓட வேண்டியதுதான்.

‘ஷேம்’ இன்னும் மோசம். குழந்தை சட்டையில்லாமல் ஓடினால் கூடி நின்று “ஷேம் ஷேம் பப்பி ஷேம்” என்று கைகொட்டுவோம். நாடாளுமன்றத்தில் எதிர்த்தரப்பைப் பார்த்து “ஷேம், ஷேம்” என்று கூச்சல் போடுவார்கள். வெட்கம், மானக்கேடு, அவமானம். இதைத் தாண்டி நமக்கு அந்தச் சொல்லில் வேறொன்றும் கிடையாது.

இந்தப் பழக்கத்தை யாரும் ஒரே நாளில் விட முடியாது. விட்டுவிடவும் வேண்டாம், ஊருக்குப் போன் பேசும்போது தேவைப்படும். டர்பன்காரர் வாயிலிருந்து இந்தச் சொற்கள் வரும்போது மட்டும் ஒரு நொடி நிதானியுங்கள்.

இரண்டாம் படி: மூன்று நவ்

இங்கே நவ் தனியாகவும் வரும், இரட்டையாகவும் வரும், ‘ஜஸ்ட்’ சேர்ந்தும் வரும். மூன்றும் மூன்று நேரம்.

‘நவ் நவ்’ என்று இரட்டித்துச் சொன்னால் சீக்கிரம். நம்முடைய ‘இதோ’வுக்கு இதுதான் கிட்டத்தில் வரும். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு உங்களிடம் வருவார். நின்று காத்திருக்கலாம்.

‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘அப்புறமா’. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டாலும் தப்பில்லை. அரைமணி நேரமாக இருக்கலாம், சாயங்காலமாக இருக்கலாம், சில சமயம் நடக்காமலே போகலாம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. “உங்கள் விஷயம் என் நினைவில் இருக்கிறது, ஆனால் மணி சொல்ல முடியாது” என்கிறார், அவ்வளவுதான்.

வெறும் ‘நவ்’ இருக்கிறதே, அதுதான் மூன்றிலும் வழுக்கலானது. “ஐ’ம் கமிங் நவ்” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் வாசலைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே போகிறார் என்று முழிக்க வேண்டாம். நாமும் “போயிட்டு வரேன்” என்று சொல்லித்தானே கிளம்புகிறோம். “இதோ வந்துட்டேன்” என்று போனில் சொல்கிறவர் அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த விஷயத்தில் தமிழர்கள் தென்னாப்பிரிக்கர்களைக் குறை சொல்ல முடியாது.

நிஜமாகவே இந்த நிமிடம் என்று சொல்ல வேண்டுமானால் இவர்கள் ‘ரைட் நவ்’ என்பார்கள், குரலும் கொஞ்சம் கெட்டிப்படும்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், டச்சு வழி வந்த இந்நாட்டு மொழியான ஆப்பிரிக்கான்ஸிலிருந்து என்பார்கள். அதில் ‘நெட்நோ’ என்று ஒரு சொல், ‘நோ நோ’ என்று ஒரு சொல். முதலாவதை ஆங்கிலத்தில் அப்படியே எடுத்து வைத்தால் ‘ஜஸ்ட் நவ்’, இரண்டாவதை வைத்தால் ‘நவ் நவ்’. ஆங்கிலம் பேசும் வெள்ளையர், இந்தியர், ஜூலு பேசுபவர் என்று எல்லோருக்கும் இன்று இது பொதுச்சொத்து.

டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில்லில் வீடு எடுத்த நண்பர் ஒருவர் வீட்டில் கீசர் ஒழுகியது. காலை ஒன்பது மணிக்கு பிளம்பரைக் கூப்பிட்டார். “நோ ப்ராப்ளம் பாஸ், ஐ’ல் பி தேர் ஜஸ்ட் நவ்” என்றார் அவர். நண்பர் மெயின் வால்வை மூடிவிட்டு, அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு ஒரு போன், “ஜஸ்ட் நவ்”. பன்னிரண்டுக்கு இன்னொரு போன், “ஜஸ்ட் நவ், ஜஸ்ட் நவ்”. இரண்டு தடவை சொல்கிறாரே, கிட்டத்தில் வந்துவிட்டார் போல என்று இவர் நினைத்தார். பிளம்பர் வந்தது மூன்று மணிக்கு. சிரித்த முகம், கையில் சரியான உதிரி பாகம், அரைமணியில் வேலை முடிந்தது. நேரம் தவறிவிட்டோம் என்கிற எண்ணமே அவரிடம் இல்லை, ஏனென்றால் அவர் கணக்கில் அவர் தவறவே இல்லை. இரட்டிக்க வேண்டியது நவ் மட்டும்தான் என்பதையும் இதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். ‘ஜஸ்ட் நவ்’வை எத்தனை தடவை அடுக்கினாலும் நேரம் சுருங்காது.

மூன்றாம் படி: வினைச்சொல்லைக் கவனியுங்கள்

இது சின்னப் படிதான், ஆனால் பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். ‘ஜஸ்ட் நவ்’ இங்கேயும் இறந்தகாலத்தோடு வந்தால் நம் ஊர்ப் பொருள்தான். “ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்” என்றால் சற்று முன் பார்த்தேன். “ஐ’ல் சீ ஹிம் ஜஸ்ட் நவ்” என்றால் அப்புறம் பார்க்கிறேன். ‘வில்’, ‘கோயிங் டு’ காதில் விழுந்ததா, நேரம் நீளும் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எந்த இடத்தில் நின்று சொல்கிறார்?

பன்னி சௌ கடை இதற்கு நல்ல பள்ளிக்கூடம். ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பை ஊற்றித் தருவார்களே, அந்த டர்பன் சாப்பாடு. ‘குவாட்டர் மட்டன்’ என்று கேட்டால் கால் ரொட்டியில் ஆட்டுக்கறி வரும். பணம் கட்டின பிறகு கவுன்டரில் இருக்கிற அக்கா “நவ் நவ்” என்றால் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். ரொட்டி ஏற்கெனவே வெட்டுப்பலகையில் இருக்கிறது. “மட்டன் இஸ் கமிங் ஜஸ்ட் நவ்” என்றால் உள்ளே கறி இன்னும் வேகிறது என்று பொருள். பக்கத்துக் கடையில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வரலாம், காத்திருக்க முடியாது என்றால் பீன்ஸ் பன்னிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அலுவலகத்தில் மேலதிகாரி “ஐ நீட் இட் ஜஸ்ட் நவ்” என்று சொன்னால் அது இன்றைக்குள் என்கிற பொருளில் இருக்கும். ஓடிப்போய்ப் பாதி வேலையைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். முடித்துக் கொடுப்பதைத்தான் எதிர்பார்க்கிறார். “நவ் நவ் ப்ளீஸ்” என்றால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

வீட்டில் பிள்ளைகள் சொல்வதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

ஐந்தாம் படி: மணி கேட்கிற விதம்

நம்மவர்கள் இங்கேதான் பேச்சைக் கெடுத்துக்கொள்வது. பொறுமை போனதும் “இமீடியட்லி” என்போம். இந்த ஊரில் அந்தச் சொல் சண்டைக்கு வருகிற மாதிரி ஒலிக்கும். ‘டூ த நீட்ஃபுல்’ என்று மின்னஞ்சல் எழுதினால் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்றே புரியாது.

எளிதான வழி, நேரடியாகக் கேட்டுவிடுவது: “இஸ் தட் நவ் நவ், ஆர் ஜஸ்ட் நவ்?” கேட்ட உடனே எதிரே இருப்பவர் சிரித்துவிடுவார். புதிதாக வந்த ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறதே என்று அவருக்கு ஒரு சந்தோஷம்; அப்புறம் தானாக மணி சொல்லிவிடுவார். கொஞ்சம் மரியாதையான இடம் என்றால், வயதில் பெரியவர் என்றால், “பிஃபோர் லஞ்ச், அங்கிள், ஆர் ஆஃப்டர்?” என்று கேளுங்கள். அங்கிள், ஆன்ட்டி போட்டுப் பேசுவது இங்கே இந்தியர் மத்தியில் நம் ஊரைப் போலவே சகஜம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட வேலையும் சீக்கிரம் நடக்கும்.

கேட்கத் தெரிந்துவிட்டது என்பதற்காக நீங்களும் ‘ஜஸ்ட் நவ்’ சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். குறிப்பாகச் சென்னை அலுவலகத்தோடு பேசுகிறவர்கள். டர்பனில் காலை ஒன்பது என்றால் சென்னையில் பகல் பன்னிரண்டரை. மூன்றரை மணி நேர இடைவெளி. நீங்கள் இங்கிருந்து “ஜஸ்ட் நவ் அனுப்புகிறேன்” என்றால் அவர்கள் இப்பவே வந்துவிடும் என்று மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். மணியைச் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: ஷேம்

இப்போது அடுத்த சொல். இதற்குக் கொஞ்சம் மனப்பக்குவம் வேண்டும்.

ஆடி மாதத்தில் இங்கே மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். ‘போரிட்ஜ் பிரேயர்’ என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த இளம் அம்மா ஒருவர் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, பட்டுச் சட்டை போட்டிருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆன்ட்டி தலையைச் சாய்த்து, குழந்தையின் பாதத்தை இரண்டு விரலால் தொட்டு, “ஷேஏஏம்! லுக் அட் ஹிஸ் லிட்டில் ஃபீட்!” என்கிறார். அம்மாவின் கை தன்னையறியாமல் சட்டையைக் கீழே இழுத்துவிடும். எங்கே விலகியிருக்கிறது என்று குனிந்து தேடுவார். ஆன்ட்டிக்கு அது புரியாது. குழந்தையை நன்றாகப் பார்க்கட்டும் என்று காட்டுகிறாள் போல என்று நினைத்து இன்னொரு ‘ஷேம்’ சொல்வார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிடும்.

ஆன்ட்டி சொன்னது இதுதான்: “அச்சோ, எவ்வளவு அழகு!”

சட்டை, சட்டையில்லாமை எதற்கும் இதில் சம்பந்தமில்லை. சின்னதாக, அழகாக, மெத்தென்று எதைப் பார்த்தாலும் இவர்களுக்கு ஷேம் வரும். நாய்க்குட்டி, தள்ளாடி நடக்கிற குழந்தை, பள்ளி ஆண்டு விழாவில் வசனம் மறந்து நிற்கிற பிள்ளை, கைகோத்து நடக்கிற வயதான தம்பதி, எல்லோருக்கும்.

அடுத்தது இரக்கம். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் ஷேம். பஸ்ஸைத் தவறவிட்டால் ஷேம். மகன் ஊரில் இருக்கிறான், பார்த்து ஒரு வருஷம் ஆகிறது என்றால் நீளமான ஷேம். ஆப்பிரிக்கான்ஸில் ‘அய்யோ’ மாதிரி ஓர் ஒலி உண்டு, தொண்டையைக் காறுகிற மாதிரி வரும் ‘ஆக்’. அதை முன்னால் சேர்த்து “ஆக் ஷேம்” என்பார்கள். டர்பன் இந்தியர்கள் பின்னால் ‘மேன்’ சேர்த்து “ஷேம், மேன்” என்பார்கள். பெண்ணிடம் பேசினாலும் மேன்தான்.

மூன்றாவது, சும்மா. எதிரே இருப்பவர் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார், என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, மௌனமாக இருந்தால் மரியாதையில்லை. அப்போது ஒரு ஷேம். நாம் ‘ம்’ கொட்டுகிற இடம். இதே வேலைக்கு இவர்களிடம் “இஸ் இட்?” என்று இன்னொன்றும் இருக்கிறது. அது கேள்வி மாதிரி ஒலிக்கும், பதிலை எதிர்பார்க்காது.

இவ்வளவுக்கும் தமிழில் ‘பாவம்’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காய்ச்சல்காரருக்குப் பாவம் சரி; கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையைப் பார்த்துப் பாவம் என்றால் பெற்றவர் கோபித்துக்கொள்வார். பொருத்தமானது ‘அச்சோ’தான். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டவனுக்கும் அச்சோ, பொக்கைவாயால் சிரிக்கிற குழந்தைக்கும் அச்சோ. ஆகவே விதி எளிது: தமிழில் ‘அச்சோ’ வருகிற இடமா, அங்கே ஷேம் பொருந்தும். ‘சீச்சீ’ வருகிற இடமா, பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. ‘ஷேம் ஆன் யூ’ என்று நீட்டினால் அது இங்கேயும் திட்டுதான், அதில் சலுகை இல்லை. ‘ஆன் யூ’ ஒட்டிக்கொண்டால் மட்டும் ஊர்ப் பொருளுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஏழாம் படி: நீளத்தையும் கண்ணையும் பாருங்கள்

நவ்வுக்குப் பக்கத்தில் இருக்கிற சொல் பொருளை மாற்றும். ஷேமுக்கு அப்படித் துணைச்சொல் அதிகம் கிடையாது. குரலும் கண்ணும்தான் பொருள் சொல்லும். ‘ஷே’வை இழுத்து, குரல் மேலே போனால் கொஞ்சல். இழுத்து, குரல் கீழே இறங்கினால் இரக்கம். நறுக்கென்று வறட்சியாக ஒரு ஷேம் வந்து உதட்டோரம் கொஞ்சம் கோணினால் கிண்டல். “ஷேம், ஹி தின்க்ஸ் ஹி கேன் சிங்” என்று கச்சேரிக்குப் பிறகு ஒருவர் சொன்னால், பாடினவர் மேல் பெரிய இரக்கம் ஒன்றும் இல்லை.

உங்களைப் பார்த்து ஷேம் சொன்னால் என்ன செய்வது? விளக்கம் கொடுக்கக் கூடாது. “இல்லை இல்லை, நான் ஒன்றும் செய்யவில்லை” என்று நம்மவர் ஒருவர் பதறினதைப் பார்த்திருக்கிறேன், கேட்டவர் பயந்துபோனார். “தேங்க் யூ” போதும். குழந்தைக்குச் சொன்னாலும் அதே தேங்க் யூ. இன்னும் கொஞ்சம் பேச விருப்பமானால் “ஐ நோ, ஹே?” என்று சேர்த்துக்கொள்ளுங்கள், டர்பன் ஒலி வந்துவிடும்.

எட்டாம் படி: எதை முதலில் பழகுவது?

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: நவ்வைக் கேட்கப் பழகுங்கள், ஷேமைச் சொல்லப் பழகுங்கள்.

நவ்வைத் தப்பாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் நேரத்திலும் காசிலும் வரும். அரை நாள் சம்பளம் போகும், பால் கெட்டுப்போகும். அதைச் சரியாகக் காதில் வாங்கினாலே போதும். நீங்கள் பேசும்போது மணி சொல்லிவிட்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை. ஷேம் வேறு மாதிரி. ஒருவர் தன் அம்மாவின் முழங்கால் வலியைச் சொல்லும்போது நீங்கள் பேசாமல் நின்றால், அல்லது நம் வழக்கப்படி உடனே ஒரு தைலத்தின் பெயரைச் சொன்னால், ஒட்டாத ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மருந்து அப்புறம் சொல்லலாம். முதலில் ஒரு ஷேம். வந்த முதல் மாதத்திலேயே அக்கம்பக்கத்தில் நல்ல பேர் வாங்கித்தருகிற சொல் இதைப் போல் இன்னொன்று இல்லை.

வாட்ஸ்அப்பில் கதை தலைகீழ். அங்கே நவ்வைப் படிப்பது சுலபம். ‘நவ் நவ்’ என்று எழுதியிருந்தால் எழுதியிருக்கிறது. ஷேம்தான் அங்கே கண்ணைக் கட்டிவிடும். குரல் இல்லை, முகம் இல்லை. இரக்கமா, கொஞ்சலா, கிண்டலா என்று ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கூடவே வருகிற பொம்மையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். இளையவர்கள் அதையே ‘ஷெம்’ என்றும் எழுதுவார்கள், எழுத்துப் பிழை என்று நினைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் போன் செய்து பேசிவிடுங்கள்.

இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரும் சந்தர்ப்பமும் உண்டு. “ஷேம், யூ வெயிட்டிங் லாங்? ஐ’ல் ஹெல்ப் யூ ஜஸ்ட் நவ்.” இதை ஊர் ஆங்கிலத்தில் கேட்டால் ‘வெட்கமாக இல்லையா இவ்வளவு நேரம் நிற்கிறாயே, இதோ இப்பவே கவனிக்கிறேன்’ என்று வரும். டர்பனில் இதன் பொருள்: ‘அச்சோ, ரொம்ப நேரமா நிக்கிறீங்களா? அப்புறமா வரேன்.’ முதல் பாதி அன்பு, இரண்டாம் பாதி காத்திருப்பு. நாற்காலி இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள்.

இடையில் ‘லேட்’ என்ற சொல்லையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் பற்றிய பேச்சில் அது எதிர்பாராமல் வரும். குறிப்பாக ஆப்பிரிக்க நண்பர்கள் “மை ஃபாதர் இஸ் லேட்” என்றால் அப்பா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார் என்று பொருள் இல்லை, காலமாகிவிட்டார். “பரவாயில்லை, வெயிட் பண்ணலாம்” என்று சொல்லிவைத்தால் தீராத சங்கடம். அந்த இடத்தில் ஷேம் மட்டும் சொன்னால் லேசாக இருக்கும். “ஐ’ம் ஸோ சாரி” சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் படி: காதுக்குப் பயிற்சி

வகுப்பு தேவையில்லை. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலா வாங்கப் போங்கள். கலவை அரைத்துத் தருகிறேன் என்பவர் எந்த நவ்வைச் சொல்கிறார் என்று பாருங்கள், அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பக்கம் யாராவது சீட்டு விளையாட உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் ஆடுவது பெரும்பாலும் ‘துனீ’. நம் ‘தண்ணி’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். தோற்கிற ஜோடிக்கு விழுகிற ஷேம்களில் ஒன்றுகூட இரக்கத்தில் சொன்னதாக இருக்காது, கிண்டல் ஒலிக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. காரில் போகும்போது லோட்டஸ் எஃப்.எம். போடுங்கள். 1983இல் ரேடியோ லோட்டஸ் என்று தொடங்கின இந்தியர் நிலையம். பாட்டு தமிழில் வந்தாலும் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம், அந்த ஆங்கிலம்தான் உங்களுக்கு வேண்டியது.

சொல்லின் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்துக்கென்றே ஆக்ஸ்ஃபர்ட் 1996இல் வெளியிட்ட பெரிய வரலாற்று அகராதியைப் பார்க்கலாம். ரோட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகராதிக் குழு தொகுத்தது. இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். நவ்வுக்கும் ஷேமுக்கும் பழைய மேற்கோள்களோடு பதிவுகள் இருக்கின்றன. இந்திய வம்சாவளியினர் பேசும் ஆங்கிலத்தைத் தனியாக ஆராய்ந்தவர் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ராஜேந்த் மேஸ்த்ரி. நம் பாட்டிமார் விட்டுப்போன தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கிலத்தில் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்க்க அவருடைய எழுத்து உதவும்.

பிள்ளைகள் விஷயம்

பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகிற இந்தப் பாடம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு ஒரு டெர்ம் முடிவதற்குள் வந்துவிடும். பிறகு அதை உங்களிடமே பிரயோகிப்பார்கள். “ஹோம்வொர்க் முடிச்சியா?” என்றால் “ஜஸ்ட் நவ், அம்மா”. இந்தப் பதிலில் இரண்டு ஊர்ப் பொருளும் ஒளிந்திருக்கும்: நீங்கள் ‘இப்பத்தான் முடிச்சேன்’ என்று எடுத்துக்கொள்வீர்கள், பிள்ளை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற பொருளில் சொல்லியிருக்கும். எந்தக் கோர்ட்டிலும் பிள்ளைதான் ஜெயிக்கும். நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிடுவது உத்தமம்.

ஊரில் இருக்கிற தாத்தா பாட்டியிடம் பேசும்போது மட்டும் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். பேரன் “ஜஸ்ட் நவ் கூப்பிடுறேன் பாட்டி” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டால், பாட்டி போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இங்கே மாலை ஏழு என்றால் அங்கே இரவு பத்தரை ஆகிவிடும். அதனால் “உங்க நேரம் எட்டரைக்குக் கூப்பிடுறேன்” என்று மணியோடு சொல்லப் பழக்குங்கள். அதற்கு இங்கே ஐந்து மணிக்கு அலாரம் வைக்க வேண்டும்.